காட்டுத்தீத் திட்டம்: பத்தாண்டா, ஐந்தாண்டா, ஆண்டுதோறுமா? எந்த மறுஆய்வைக் கேட்பது

சென்னையின் தென்புறம் மேடவாக்கம் பக்கத்துக் குடியிருப்போர் சங்கம் ஒன்றிலிருந்து போன மாதம் ஒரு கேள்வி வந்தது. நன்மங்கலம் காப்புக்காட்டை ஒட்டிய அடுக்ககம் அவர்களுடையது. கோடையில் காட்டோரப் புல் பற்றிக்கொள்வதும், மொட்டைமாடியில் காயும் துணியில் கருஞ்சாம்பல் வந்து விழுவதும் அங்கே பழகிப்போன விஷயம். இந்த வருடம் ஆட்சியருக்கும் மாவட்ட வன அலுவலருக்கும் மனு கொடுப்பது என்று முடிவாகிவிட்டது. எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல். "தீத்தடுப்புத் திட்டத்தை வருடா வருடம் மறுஆய்வு செய்யச் சொல்வோம்" என்றார் ஒருவர். "வருடா வருடம் கூட்டம் போட்டு என்ன ஆகப்போகிறது, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஒழுங்காக ஒரு ஆபத்து வரைபடம் போட்டால் போதும்" என்றார் இன்னொருவர். வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மூன்றாமவர், "எல்லாம் வொர்க்கிங் பிளானில், அதுதான் பத்தாண்டுப் பணித்திட்டத்தில் இருக்கிறது, அதை நிறைவேற்றச் சொன்னாலே போதும்" என்றார். மனு அப்படியே நின்றுவிட்டது.

மலையேற்றம் போகும் நண்பர்கள் இதே கேள்வியை வேறு மாதிரி கேட்பார்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கிக்கொண்டவர்களில் ஒரு குழு சென்னையிலிருந்து போனது, இன்னொன்று ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து போனது. மொத்தம் 23 உயிர்கள் போயின. அதற்குப் பிறகு ஒவ்வொரு பிப்ரவரியிலும் இந்த ஊரில் யாராவது கேட்கிறார்கள்: அன்று இல்லாத ஏற்பாடு இன்று இருக்கிறதா, அதை யார் சரிபார்க்கிறார்கள்?

இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நம் முன்னால் இருப்பவை நான்கு வழிகள்: பத்தாண்டுப் பணித்திட்டம், ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆபத்து மதிப்பீடு, ஆண்டுதோறும் மறுஆய்வு, பெருந்தீக்குப் பிறகு விசாரணை. நான்கும் ஏதோ ஒரு வடிவில் ஏற்கெனவே இருக்கின்றன. எதை அழுத்திக் கேட்டால் நம் வேலிக்கு அந்தப் பக்கம் ஏதாவது மாறும் என்பதுதான் கேள்வி.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், நிலம் மாறும் வேகத்துக்கு அந்த ஆய்வு ஈடுகொடுக்கிறதா. காடு மெதுவாக மாறும், காட்டின் ஓரம் வேகமாக மாறும். இரண்டாவது, நுணுக்கம். மாவட்டம் முழுவதுக்கும் ஒரு பத்தியா, அல்லது இந்தச் சுவர், இந்த ஓடை, இந்தக் காற்று என்று பேசுகிறதா? மூன்றாவது, பதில் சொல்லும் பொறுப்பு. போன தடவை "செய்ய வேண்டும்" என்று எழுதியது நடந்ததா, நடக்கவில்லை என்றால் ஏன் என்று சொல்ல ஒருவர் கடமைப்பட்டிருக்கிறாரா? நான்காவது, செலவு. பணத்தோடு வனச்சரகரின் நேரத்தையும் இதில் சேர்க்கிறேன், ஏனென்றால் அதுதான் நம் வனத்துறையில் ஆகக் குறைவாக இருக்கும் பொருள். கடைசியாக, பொதுமக்கள் அதைப் படிக்க முடியுமா என்பது.

இவற்றில் மூன்றாவதுக்குத்தான் நான் அதிக எடை கொடுக்கிறேன். திட்டம் எழுதத் தெரியாததால் நம் ஊரில் காடு எரிவதில்லை. எழுதியதை யாரும் திரும்பிப் பார்க்காததால் எரிகிறது. இந்தப் பக்கச் சாய்வோடுதான் கீழே எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்திருக்கிறேன்.

## பத்தாண்டுப் பணித்திட்டம்

இதை வனத்துறையில் எல்லோரும் வொர்க்கிங் பிளான் என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொரு வனக்கோட்டத்துக்கும் ஒன்று உண்டு. வழக்கமாகப் பத்து வருடத்துக்கு. எப்படி எழுத வேண்டும் என்பதற்கு 2014இல் ஒரு தேசிய விதித்தொகுப்பு வந்தது, 2023இல் அது திருத்தப்பட்டது. ஒப்புதல் தருவது மத்திய அரசு. காட்டுத்தீ அதில் ஒரு பகுதியாக இடம்பெறும்: எங்கே எரிந்தது, தீத்தடுப்புக் கோடுகள் (தீ தாண்டாமல் இருக்கப் புல்லும் சருகும் அகற்றி வைக்கும் வெற்றுப் பட்டைகள்) எங்கே ஓடுகின்றன, எவ்வளவு அகலம், எப்போது சுத்தம் செய்வது என்றெல்லாம்.

இதன் பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. புதிதாக ஒரு தீத்தடுப்புக் கோடு வெட்ட வேண்டுமா, உண்ணிச்செடிப் புதரைப் பல வருடம் தொடர்ந்து அகற்ற வேண்டுமா, மலைமேல் தண்ணீர்த் தொட்டி கட்ட வேண்டுமா, இதெல்லாம் பணித்திட்டத்தில் இருந்தால்தான் பணம் கேட்க ஒரு பிடி கிடைக்கும். ஒரு வருடக் கூட்டத்தில் முடிவெடுத்து ஒரு வருடத்தில் செய்துமுடிக்கிற வேலைகள் இல்லை இவை.

பலவீனம், காலம். நன்மங்கலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. நன்மங்கலமும் வண்டலூரும் அங்கே போய்விட்டன. அதனால் மனு கொடுக்க வேண்டிய ஆட்சியர் அலுவலகமே மாறிவிட்டது. மேடவாக்கத்தில் மெட்ரோ வேலை வந்தது. காட்டோரத்தில் கட்டடங்கள் எழுந்தன, புதிய சந்துகள் வந்தன. பத்து வருடம் முன்பு எழுதிய திட்டத்தில் காட்டின் எல்லை அதே இடத்தில்தான் இருக்கும். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஊர் அதில் இருக்காது.

மறைந்திருக்கும் இன்னொரு செலவு, இடையில் மாற்றம் தேவைப்பட்டால் அதற்கும் மேலே ஒப்புதல் வாங்க வேண்டும். நல்ல அதிகாரிகூட "அடுத்த திட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிடுவார்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். கிண்டி தேசியப் பூங்கா மாதிரி பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குப் பணித்திட்டம் கிடையாது, மேலாண்மைத் திட்டம் என்று தனியாக உண்டு. முதுமலை போன்ற புலிகள் காப்பகங்களுக்குப் புலிகள் பாதுகாப்புத் திட்டம். கிண்டியைப் பற்றிய மனுவில் வொர்க்கிங் பிளான் என்று எழுதினால், "அப்படி ஒன்று இல்லை" என்ற ஒரு வரியோடு பதில் வந்துவிடும். பெயரைச் சரியாக எழுதுங்கள்.

## ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆபத்து மதிப்பீடு

அமெரிக்காவில் 2009இல் வந்த ஒரு சட்டம், தேசியக் காட்டுத்தீ உத்தியை ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது திருத்த வேண்டும் என்று வைத்தது. நிலம், செடிகொடி, தட்பவெப்பம் ஆகியவை மாறுவதற்கு ஏற்பத் திருத்துவதுதான் நோக்கம். கேட்க நன்றாக இருக்கிறது. ஐந்து வருடம் என்பது ஒரு போக்கு கண்ணுக்குத் தெரிய ஓரளவு போதுமான காலம். ஒரு வருடம் மழை நன்றாகப் பெய்து தீ குறைந்தால் அது நம் சாமர்த்தியம் இல்லை. ஐந்து வருடத்தை அடுக்கிப் பார்த்தால்தான் எது மழை, எது வேலை என்று பிரிக்க முடியும்.

நம் நாட்டில் இதற்கு அருகில் வருவது டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அவர்கள் வெளியிடும் வனநிலை அறிக்கையில் தீ அபாய வகைப்பாடும் உண்டு. நாட்டின் வனப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தீ அபாயம் உள்ளது என்பது அதிலிருந்து வந்த கணக்குதான். 2018இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் காட்டுத்தீக்கென்று தேசியச் செயல்திட்டமும் கொண்டுவந்தது.

ஆனால் அந்த அபாய வரைபடத்துக்காக நிலத்தைப் பிரித்தது 5 கிலோமீட்டருக்கு 5 கிலோமீட்டர் என்ற கட்டங்களாக. ஒரு கட்டம் 25 சதுர கிலோமீட்டர். நன்மங்கலம் காடு சுமார் 320 ஹெக்டேர், அதாவது 3.2 சதுர கிலோமீட்டர். மொத்தக் காடும் ஒரு கட்டத்தின் மூலையில் அடங்கிவிடும். கைவிடப்பட்ட கல்குவாரி, கொம்பன் ஆந்தை குடியிருக்கும் பாறைச் சரிவு, குப்பை கொட்டும் சாலையோரம் எல்லாம் ஒரே நிறத்தில் வரும். நீலகிரிக்கும் ஏற்காட்டுக்கும் எங்கே முதலில் ஆள் போட வேண்டும் என்று மாநில அளவில் பிரிக்க இது அருமையான கருவி. நம் சுவரோரத்துக்கு இது பொருந்தாது.

செலவு மறைந்திருப்பது வரைபடம் போட்ட பிறகு. நிறம் தீட்டிய தாள் கைக்கு வந்ததும் வேலை முடிந்த மாதிரி ஒரு திருப்தி வந்துவிடுகிறது. ஐந்து வருடத்துக்குள் அதைத் தயாரித்த அதிகாரிகள் எல்லோரும் வேறு இடம் மாறியிருப்பார்கள். அடுத்த வரைபடத்தின்போது பழையதைப் பற்றிப் பதில் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

## ஆண்டுதோறும் மறுஆய்வு

இதைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் பேச்சளவில் எல்லோரும் ஒப்புக்கொள்வதும் நடைமுறையில் பெரும்பாலும் சொதப்புவதும் இதில்தான்.

சட்டத்தின் துணை இதற்கு இருக்கிறது. 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, மாவட்டத் திட்டத்தை ஆண்டுதோறும் மறுஆய்வு செய்து புதுப்பிக்க வேண்டும் என்று வைத்தது. ஆட்சியர் தலைமையில் வனத்துறை, தீயணைப்பு, வருவாய், காவல் எல்லாம் உட்காரும் மேசை அது. வனத்துறையும் தன் அளவில் ஒவ்வொரு வருடமும் கோடைக்கு முன்பு தயாராகிறது: தீத்தடுப்புக் கோடு சுத்தம் செய்வது, தற்காலிகத் தீத்தடுப்புக் காவலர்களை எடுப்பது, ஊர்க்காரர்களிடம் பேசுவது.

குறை என்னவென்றால், இது நடப்பது ஜனவரி, பிப்ரவரியில். அந்த நேரத்தில் யாருக்கும் பின்னால் திரும்பிப் பார்க்கப் பொழுதிருக்காது. அது ஏற்பாட்டுக் கூட்டம், தேவையான கூட்டம்தான். ஆனால் அதை மறுஆய்வு என்று சொல்ல முடியாது. மறுஆய்வு தீக்காலம் முடிந்த கையோடு நடக்க வேண்டும், எரிந்த இடம் இன்னும் கருப்பாக இருக்கும்போதே.

அந்தக் கருப்பு எவ்வளவு பேசும் என்பதை ஒரு தடவை நேரில் பார்த்தேன். சில வருடம் முன்பு, கத்திரி முடிந்த ஒரு காலை, நன்மங்கலம் காட்டோரம் நடந்துகொண்டிருந்தோம். எரிந்த புல்லின் அடிக்கட்டை காலில் குத்திக்கொண்டே இருந்தது. சாலையோரம் ஒரு குப்பைமேடு, பாதி உருகிய பிளாஸ்டிக் டம்ளர்கள், கறுத்த தேங்காய் ஓடு. அங்கிருந்து கருப்பு ஒரு நாக்கு மாதிரி உள்ளே போனது. நூறடி தள்ளி, சுத்தம் செய்திருக்க வேண்டிய தீத்தடுப்புக் கோட்டில் முழங்கால் உயரத்துக்குப் புல் எரிந்த தடம். அதைத் தாண்டியும் கருப்பு. கூட வந்த வயதான காவலர் கையில் ஒரு வேப்பங்கிளையை வைத்திருந்தார்.

"தம்பி, இதாலதான் அடிச்சு அணைச்சோம். காலைல மேல்காத்து. தீ கிழக்க போய்க்கிட்டிருந்துச்சு. எல்லாரும் அந்தப் பக்கம் நின்னோம். ஒரு மணிக்கு மேல கடக்காத்து ஏறுச்சு பாருங்க, அப்படியே திரும்பி மேக்க உள்ள போயிருச்சு. இந்தப் பக்கம் ஆளே இல்ல."

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"யாரும் கேக்கலையே தம்பி."

சென்னையில் மே மாதம் இருந்தவர்கள் எல்லோருக்கும் அந்தக் காற்று தெரியும். காலையில் மேற்கிலிருந்து அனல், மதியத்துக்கு மேல் கடற்காற்று. மேல்காற்று பலமாக இருக்கும் நாளில் கடற்காற்று தாமதமாகும், அன்றுதான் 40 டிகிரியைத் தாண்டும். அப்படிப்பட்ட நாளில் தீயணைக்க எந்த நேரத்தில் எந்தப் பக்கம் ஆள் நிற்க வேண்டும் என்பது ஐந்தாண்டு வரைபடத்தில் வராது, பணித்திட்டத்திலும் வராது. அந்தக் காவலரிடம் இருக்கிறது. வருடா வருடம் தீக்காலம் முடிந்ததும் ஒருவர் உட்கார்ந்து அவரிடம் கேட்டு எழுதினால் அடுத்த வருடத் திட்டத்தில் வரும்.

எந்தத் தேதியில் என்பதும் முக்கியம். மாநிலம் முழுவதுக்கும் ஒரே தேதி சரிவராது. முதுமலையிலும் தேனி மலைகளிலும் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரைதான் கடுமையான காலம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்தால் தடம் எல்லாம் பச்சைக்குள் போய்விடும். அங்கே மே மாதம் பார்த்தாக வேண்டும். சென்னைச் சுற்றுவட்டாரப் புதர்க்காடுகளுக்குக் கோடை நீளம். இங்கே ஜூன் சரியாக இருக்கும்.

இனி இதன் மறைமுகச் செலவுகள். மூன்று சொல்கிறேன்.

ஒன்று, நகலெடுத்தல். ஒரு மாவட்டத்தின் இரண்டு வருடத் தீத்தடுப்புத் திட்டங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கினேன். எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை. முதல் பக்கத்துத் தேதி மட்டும் மாறியிருந்தது. அவசரத் தொடர்புப் பட்டியலில் இருந்த ஒரு எண்ணுக்குக் கூப்பிட்டேன். எடுத்தவர் தான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிவிட்டது என்று பொறுமையாகச் சொன்னார். வருடா வருடம் கேட்டால் வருடா வருடம் நகல் வரும் ஆபத்து இருக்கிறது. அதனால்தான் "திட்டத்தைப் புதுப்பியுங்கள்" என்று மட்டும் கேட்கக் கூடாது. "போன வருடத் திட்டத்தில் சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை" என்ற பட்டியலைக் கேட்க வேண்டும். அதை நகலெடுக்க முடியாது.

இரண்டு, எண்ணிக்கையின் ஆசை. தீ எத்தனை என்பதையே மதிப்பெண்ணாக ஆக்கினால் சின்னத் தீ எதுவும் பதிவேட்டில் ஏறாது. செயற்கைக்கோள் பிடித்துவிடுமே என்று சிலர் சொல்வார்கள். வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் தகவலை வைத்து எச்சரிக்கை அனுப்புகிறது உண்மைதான். உங்கள் கைபேசி எண்ணைப் பதிந்துகொண்டால் உங்களுக்கும் குறுஞ்செய்தி வரும், பதிந்துகொள்ளுங்கள். ஆனால் இப்போது பயன்படும் கருவியில் ஒரு புள்ளி என்பது 375 மீட்டருக்கு 375 மீட்டர். செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் வருவது சுமாராகப் பிற்பகல் ஒன்றரைக்கும் நள்ளிரவு தாண்டி ஒன்றரைக்கும். மாலை நான்கு மணிக்குக் குப்பையிலிருந்து பற்றி ஏழு மணிக்கு அணைந்த புல்தீ அதன் கண்ணில் படவே படாது. மலைக்காட்டில் நாள்கணக்கில் எரியும் தீக்கு அது நல்ல காவல். நம் ஊர்ப் புதர்க்காட்டுக்குக் காவலரின் பதிவேடுதான் ஆதாரம். எனவே எண்ணிக்கையைத் தேர்வாக வைக்காமல் மூன்று நேரங்களைக் கேளுங்கள்: தகவல் வந்த நேரம், ஆள் போய்ச் சேர்ந்த நேரம், தீ அணைந்த நேரம்.

மூன்று, ஆளின் நேரம். ஒரு வனச்சரகரிடம் பாம்பு பிடிப்பதிலிருந்து நீதிமன்ற வழக்கு வரை வேலை இருக்கிறது. ஐம்பது பக்க அறிக்கை கேட்டால் கடைசியில் ஒரு கணினி இயக்குநர்தான் அதை எழுதுவார். சரகத்துக்கு இரண்டு பக்கம் போதும். நீளம் குறைந்தால் உண்மை கூடும் என்று நான் நம்புகிறேன்.

## பெருந்தீக்குப் பிறகு விசாரணை

குரங்கணிக்குப் பிறகு தமிழக அரசு மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரி அதுல்ய மிஸ்ராவை விசாரணைக்கு நியமித்தது. அதே வருடம் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வந்தன. 2024இல் வனத்துறையே 40 பாதைகளோடு ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தைத் தொடங்கியது. 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீக்காலம் என்று அந்தப் பாதைகளை மூடினார்கள். இவையெல்லாம் உண்மையான மாற்றங்கள். இன்று சென்னையிலிருந்து கிளம்பும் ஒரு பெண் மார்ச் மாதம் காய்ந்த புல்வெளிக்குள் யாரும் அறியாமல் போய்ச் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு அன்றைவிடக் குறைவு.

விசாரணையின் பலம் அதன் அதிகாரம். எல்லோரையும் அழைத்துக் கேட்கலாம், அரசு பதில் சொல்லியே தீர வேண்டும். பலவீனம், அது நடந்து முடிந்த சம்பவத்தின் பின்னால் போவது. மனிதர் இறந்த தீக்கு விசாரணை வரும். மலையணிலும் ஆந்தைக் குஞ்சும் இறந்த தீக்கு வராது. கடைசிச் சம்பவத்தில் எது தவறியதோ அதையே சுற்றி விதிகள் பெருகும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நடந்தது இந்த விஷயத்தில் எனக்குப் பெரிய பாடம். 2009 பிப்ரவரி 7 அன்று அங்கே காட்டுத்தீயில் 173 பேர் இறந்தார்கள். விசாரணை ஆணையம் பல பரிந்துரைகளில் ஒன்றாக, பெருந்தீக்குத் தீனியாகும் புல்லையும் சருகையும் குறைக்க, ஆண்டுதோறும் பொது நிலத்தில் குறைந்தது 5 விழுக்காட்டை முன்கூட்டித் திட்டமிட்டு எரிக்க வேண்டும் என்றது. பரப்பளவு இலக்கு வந்ததும், வீடுகளுக்கு அருகில் சிறிதாகவும் சிரமப்பட்டும் எரிப்பதைவிட தொலைவில் பெரிதாக எரித்து ஹெக்டேர் கணக்கைக் காட்டுவது எளிதாகிவிட்டது. இந்தக் குறை எடுத்துச் சொல்லப்பட்டு, 2015இல் அரசு பரப்பளவுக் கணக்கைக் கைவிட்டு ஆபத்து எவ்வளவு குறைந்தது என்ற அளவுக்கு மாறியது. ஆனால் அதே ஆணையத்துக்குப் பின் நடந்த ஒரு நல்ல விஷயத்தையும் சொல்ல வேண்டும். பரிந்துரைகள் நிறைவேறுகின்றனவா என்று பார்க்கவே தனியாக ஒரு கண்காணிப்பாளரை நியமித்தார்கள். அவர் அறிக்கை வெளிப்படையாக வந்தது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பகுதியைத்தான்.

இதன் செலவைப் பற்றித் தனியாக எழுத எனக்கு மனம் வரவில்லை. குரங்கணியில் இறந்தவர்களின் வீடுகளுக்கு அது தெரியும்.

## ஒரே பார்வையில்

| | பத்தாண்டுப் பணித்திட்டம் | ஐந்தாண்டு மதிப்பீடு | ஆண்டு மறுஆய்வு | விசாரணை |
|---|---|---|---|---|
| மாற்றத்துக்கு ஈடு | மிகக் குறைவு | ஓரளவு | நன்று | சம்பவம் நடந்தால் மட்டும் |
| நுணுக்கம் | காட்டுக்குள் நன்று, ஓரத்தில் இல்லை | மாநில அளவில் நன்று | சுவர், காற்று வரை போகலாம் | ஒரே இடத்தில் மிக ஆழம் |
| பதில் சொல்பவர் | மாறிக்கொண்டே இருப்பார் | பெரும்பாலும் யாரும் இல்லை | அதே சரகர், அதே ஆட்சியர் | அரசு |
| மறைமுகச் செலவு | திருத்த ஒப்புதல் தாமதம் | வரைபடத்தோடு திருப்தி | நகல், எண்ணிக்கை விளையாட்டு | உயிர்கள் |
| பொதுமக்கள் பார்வைக்கு | கேட்டு வாங்க வேண்டும் | மாநில, தேசிய அறிக்கைகளில் | கேட்டால்தான் | வெளியிட்டால் மட்டும் |

## யாருக்கு எது

மேடவாக்கம் சங்கத்துக்கு என் பதில் தெளிவானது: தீக்காலம் முடிந்ததும் நடக்கும் ஆண்டு மறுஆய்வு. சரக அளவில், எழுத்தில், போன வருடத்துக்குப் பதிலோடு. வண்டலூர் காட்டோரம் இருப்பவர்களுக்கும் இதே.

மலையேறுபவர்களுக்கு ஆண்டு மறுஆய்வோடு ஐந்தாண்டு மதிப்பீடும் வேண்டும். எந்தப் பாதை எந்த மாதம் மூடப்பட வேண்டும் என்பதை ஒரு வருட அனுபவத்தை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. மழை தவறிய வருடத்தில் பிப்ரவரி 15 என்பதே தாமதமாக இருக்கலாம்.

மலைக்கிராமத்தில் உறவுகள் உள்ளவர்கள், தோட்டம் வைத்திருப்பவர்கள் முதலில் பணித்திட்டத்தைக் கேளுங்கள். அங்கே தீத்தடுப்புக் கோடு எங்கே ஓடுகிறது என்பதே வாழ்வாதாரப் பிரச்சினை. உண்ணிச்செடி அகற்றுவது போன்ற நீண்டகால வேலைக்கு வேறு கதவு கிடையாது.

சென்னையின் குப்பைக்கிடங்குகளை ஒட்டி வாழும் பெருங்குடிக்காரர்களும் கொடுங்கையூர்க்காரர்களும் தங்களுக்கு எது பொருந்தும் என்று கேட்டிருந்தார்கள். 2022 ஏப்ரல் 27 அன்று பெருங்குடிக் குப்பைக்கிடங்கில் பற்றிய தீ நாள்கணக்கில் புகைந்ததை யாரும் மறக்கவில்லை. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் பக்கத்தில் என்பதால் வனத்துறைக்கு எழுதத் தோன்றும். ஆனால் கிடங்கு மாநகராட்சியுடையது. வனத் தீத்தடுப்புத் திட்டத்தின் எந்த மறுஆய்விலும் அது வராது. மாநகராட்சி ஆணையருக்குத் தனி மனு கொடுங்கள்.

## மனுவில் எழுத வேண்டியவை

ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 31ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, மாவட்டத் திட்டத்தின் காட்டுத்தீப் பகுதிக்கு ஜூன் மாதத்துக்குள் மறுஆய்வு நடத்தும்படி கேளுங்கள். சரகம் வாரியாகப் போன வருடம் சொன்னவை, நடந்தவை, நடக்காததற்குக் காரணம் என்று மூன்று நெடுவரிசை கொண்ட பட்டியலைக் கேளுங்கள். ஒவ்வொரு தீக்கும் மேலே சொன்ன மூன்று நேரங்களையும் கேளுங்கள். தீயணைக்கப் போன காவலர்களின் வாக்குமூலத்தை அதில் சேர்க்கும்படி ஒரு வரி எழுதுங்கள், தற்காலிகக் காவலர்களையும் சேர்த்து. பெரும்பாலான தீ மனிதர் கையால் வருவது. காப்புக்காட்டில் தீ மூட்டுவது 1882ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். எனவே சாலையோரம் குப்பை எரிப்பதைத் தடுக்க உள்ளாட்சி அமைப்பின் பிரதிநிதியும் அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். குப்பையை அவர்கள் எடுக்காவிட்டால் வனத்துறை எத்தனை கிளையால் அடித்தாலும் போதாது.

முப்பது நாளில் பதில் வராவிட்டால் அதே பட்டியலைப் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பதில் "தகவல் இல்லை" என்று வந்தாலும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருட மனுவில் அதுதான் முதல் இணைப்பு.

இந்த வருடம் எரிந்த இடத்தை இப்போதே போய்ப் படம் எடுத்துவிடுங்கள். சுவர், மின்கம்பம், பாறை ஏதாவது ஒன்று படத்தில் வரும்படி, தேதியோடு. இரண்டு நல்ல மழை விழுந்தால் அந்தக் கருப்பு போய்விடும்.